காது குத்துக்குப் போன கரண்ட் கார்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. மல்லசமுத்திரத்தில் தங்கை மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். நான் போய் உட்கார்ந்தால் போதும்.

விடியற்காலையில் சேலத்திலிருந்து புது மின்சார காரில் கிளம்பினேன். சார்ஜ் முழுசாக இல்லை. தங்கை வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. அந்தக் காரைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரையே எழுதியவன் நான். நாளைய கார் சக்கரம் வைத்த மின்நிலையம், வீட்டுக்கே கரண்ட் கொடுக்கும் என்று அதில் ஒரு வரி.

தங்கை கணவர் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். சத்தம் போடாத எதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். காரைச் சுற்றிவந்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது என்றேன். நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் கோளாறு, மத்தியானம்தான் வருமாம். வடைக்குப் போட்ட உளுந்து கிரைண்டரில் பாதியில் நின்றது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மச்சான், பேப்பர்ல நீங்க எழுதுனது நெசந்தானுங்களா?"

அவர் என் கட்டுரையைப் படித்ததே எனக்குப் புதுச் செய்தி. அந்தச் சந்தோஷத்தில் காரிலிருந்து வயரை இழுத்துக் கொடுத்துவிட்டேன்.

கிரைண்டர் சுற்றியது. கை தட்டினார்கள். பின்னாலேயே தேங்காய் துருவும் மெஷின் வந்தது. மைக்செட் வந்தது. ஐஸ்கிரீம் பெட்டி வந்தது. உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் காருக்குள் ஏறி, ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு பெரியவர் போர் மோட்டார் ஓடுமா என்று விசாரித்தார். அதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்றேன், ஏதோ நானே தயாரிப்பது போல.

எட்டரைக்குத் தங்கை வந்தாள். காது குத்தும் ஆசாரியின் மொபெட் கெட்டு, ராசிபுரத்தில் நிற்கிறாராம். பத்தரைக்கு ராகு காலம். "அண்ணா, காருல ஒரு எட்டுப் போயிக் கூட்டியாந்துருங்க."

திரையைப் பார்த்தேன். போக வரப் போதுமா, போதாதா என்ற இடத்தில் இருந்தது சார்ஜ். சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார். சொல்லவில்லை. உள்ளே இருந்த பெண்களை இறக்கிவிட்டு வயரைப் பிடுங்கியதும் மைக்செட் பாட்டு பாதியில் செத்தது.

திரும்பி வரும்போது ஆசாரி ஏசி போடச் சொன்னார். உடம்புக்கு ஆகாது என்றேன். சார்ஜை மிச்சம் பிடிக்க மெதுவாக ஓட்டினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் எங்களை முந்திப் போனது. ஆசாரி அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கார் நின்றது. சத்தமே இல்லாமல் நின்றதால் ஆசாரிக்கு விஷயம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

குத்துகிறவரும் காரில். வைத்துக் குத்த வேண்டிய மடியும் காரில்.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "அங்கயே இருங்க மச்சான், வாரேன்" என்றார். வந்தது ரிக் லாரி. ஆள் தெரிவதற்கு வெகு முன்பே சத்தம் வந்துவிட்டது. பட்டு வேட்டியில் போர்ச் சேறும் கிரீஸுமாக நான் போய் இறங்கியபோது ராகு காலத்துக்குச் சில நிமிஷம் பாக்கி.

குத்தும்போது பையன் அழுதான். என் கண்ணிலும் தண்ணீர். தாய்மாமன் பாசம் என்று பேசிக்கொண்டார்கள். டீசல் புகை என்று நான் திருத்தவில்லை.

பந்தியில் மாப்பிள்ளை இலைக்கு இலை போய், மச்சான் கார் இல்லாவிட்டால் இன்றைக்கு வடையே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மத்தியானம் அவருடைய சிநேகிதர் லாரியில் என் காரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். கரண்ட் வந்ததும் சார்ஜ் போட்டேன்.

சாயங்காலம் கிளம்பும்போது, மோட்டார் பற்றி விசாரித்த பெரியவர் வந்தார். அடுத்த மாதம் அவர் பேத்திக்குக் கல்யாணம். கரண்டை நம்ப முடியவில்லை, என் கார் வேண்டும் என்றார். நெஞ்சு நிமிர்ந்தது. கட்டாயம் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்குச் சாமி சிரமப்பட்டுக்கிட்டு? லாரியில ஏத்தி அனுப்பிச்சுருங்க, போதும்."