கேட்டடியில் தின்ற இட்டிலி

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு அப்போதுதான் திறக்கும். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். குருண் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட். காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி அரிசி கேட்டைத் தாண்டக் கூடாது. மருந்தும் கூடாது. (இந்த இரண்டாவது விஷயத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

எனக்கு அப்போது கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. என் மனைவி அஞ்சலை, காய்ச்சலில் கிடந்த தன் தம்பிக்காக முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். தம்பி எழுந்துவிட்டான். இவள் ஒரு மண்டலம் கவுச்சி மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூடத் தொடாமல் இருந்து, பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் விரதத்தை முடிக்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு நெய் நாக்கில் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. துரையிடம் இரண்டு நாள் லீவு வாங்கினேன். கோயில், கப்பல், கடற்கரை எல்லாம் காட்டுகிறேன் என்று வீரமாகச் சொல்லியும்விட்டேன். பட்டணத்தில் அவள் எதைச் சாப்பிடுவாள் என்பதுதான் குழப்பம்.

குருணில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் யோசனை கேட்டேன்.

"பினாங்குல நம்ம மச்சான் கடை இருக்கு தம்பி. மீன் இல்லாம வெறும் குழம்பு ஊத்தச் சொல்றேன்."

"குழம்பு எதுல கொதிக்கும் பாய்?"

"மீன்லதான்."

லோரிக்காரர் ஒருவர் ரொட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, அதில் வெண்ணெய் தடவுவார்கள் என்றார். கீரை வறுவல் என்றார் இன்னொருவர். அதில் இறால் விழுது இருக்குமாம். கேட்கக் கேட்க, பினாங்குத் தீவே கடலில் மிதக்காமல் நெய்யில் மிதப்பதாக எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தடை அரிசிக்கும் சோற்றுக்கும்தானே? இட்டிலி எப்படி அரிசியாகும்? (அரைத்து, புளிக்கவைத்து, அவித்த பிறகு அது வேறு பிறவி என்பது என் வாதம்.) அஞ்சலை ரேஷன் அரிசியில் பிடி பிடியாக மிச்சம் பிடித்து, ஒரு தூக்குச்சட்டி நிறைய இட்டிலி அவித்து, பொடியும் நல்லெண்ணெயும் தடவி என் கையில் கொடுத்தாள்.

காலையில் கேட்டில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. எதிரே ரோட்டில் பஸ் வந்து நின்றது. காவலுக்கு நின்றவர் ஓஸ்மான். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த மலாய்க்காரர், நம் பாஷை நன்றாக வரும். அவர் தூக்குச்சட்டியைத் தொடக்கூட இல்லை.

"என்ன தம்பி, பினாங்கா?" என்றுதான் கேட்டார்.

"மருந்து!" என்றேன்.

அவர் கை துப்பாக்கி வாரைப் பிடித்தது. "யாருக்கு மருந்து?"

"சம்சாரத்துக்கு. வயித்து நோவு. ரொம்ப நாளா."

பெண்கள் வரிசையிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "யாருக்குங்க வயித்து நோவு? விரதத்துல இருக்கேன், என்னையும் பொய்யில சேக்காதீங்க. அண்ணே, அது இட்டிலி. அரிசியும் உளுந்தும்."

"உளுந்துதான் நிறைய!" என்று கத்தினேன். (இரண்டு கையையும் வேறு தூக்கிவிட்டேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை.)

ஓஸ்மான் மூடியைத் திறந்தார். அவர் முகத்தில் சிரிப்பும் கடமையும் முட்டிக்கொண்டன. "இது வெளிய போனா எனக்கு வேலை போயிடும். உனக்கு ஜெயில் லா. உள்ளயே தின்னு முடிச்சா குத்தம் இல்ல."

அவர் சொன்னது தப்பிக்கும் வழி. என் பயம் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். பஸ்காரர் ஹாரன் அடித்தார். வேகமாகத் தின்றேன். விக்கியது. மறுபடி ஹாரன். இரண்டிரண்டாக உள்ளே தள்ளினேன். அஞ்சலையால் தனக்கென்று இரண்டை எடுக்க முடிந்ததே பெரிய காரியம்.

சட்டி காலியானதும், வரிசையில் நின்ற ராமாயி அக்கா கேட்டார்: "ஏண்டா, ஆளுக்கு ஒண்ணு குடுத்திருந்தா நாங்க தின்னிருக்க மாட்டமா?"

"நானும் தின்னிருப்பேன்," என்றார் ஓஸ்மான்.

பஸ்ஸில் நான் ஏறவில்லை, ஏற்றப்பட்டேன். பினாங்கில் நான் பார்த்தது சத்திரத்துக் கூரையும் பின்பக்கத்துக் கக்கூசும்தான். இனி இவள் எதைத் தின்பாள், விரதம் என்னாகும் என்று படுத்தபடியே புலம்பினேன்.

அஞ்சலை சத்திர வாசலில் பூ விற்ற அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டாள். அவ்வளவுதான். சீனர் கோயில் ஒன்றில் பாலும் நெய்யும் படாத சைவச் சாப்பாடு போடுகிறார்கள் என்று அந்த அம்மாளே கூட்டிப்போனாராம். சாப்பிட்டு, மறுநாள் மலையேறி விரதத்தை முடித்து, கப்பல் பார்த்து, கடலில் கால் நனைத்து, எனக்கு ஓமத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இதுதாங்க மருந்து," என்றாள்.

போன வருஷம் எங்கள் மகளுக்குச் சுங்கைப் பட்டாணியில் கல்யாணம். காலைப் பந்தியில் சம்பந்தியே பரிமாற வந்தார். இந்தக் கதையை அவருக்கு யார் சொன்னார்களோ. (அஞ்சலை பக்கத்து இலையில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.) மனிதர் என் இலையில் தட்டோடு இட்டிலியைச் சாய்த்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"நிதானமாச் சாப்பிடுங்க சம்பந்தி. பஸ்ஸை நிறுத்தி வச்சிருக்கோம்."