போனில் ஒன்பது தெரிந்தால்

ஒன்பது அக்கா கூப்பிட்டால் எமன்கூட போனை எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றுதான் ஆரம்பிப்பான்.

வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். ஆஸ்டின் டவுனிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு வருவார். அவர் மேஜை போனின் நம்பர் ஒன்பது. வெளியிலிருந்து வரும் அழைப்பை அவர் யாருக்கு மாற்றிவிட்டாலும் திரையில் 9 என்றுதான் தெரியும். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அக்கா சும்மா மாற்றிவிட மாட்டார். பெண் கொடுப்பதுபோல விசாரித்துத்தான் கொடுப்பார்.

"சார், மூணாவது மாடி அம்மா. கோவமா இருக்காங்க, ஆனா நல்ல மனசு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க."

ஒருநாள் புது போன்கள் வந்தன. "இனிமே கால் பண்றவங்க நம்பரே ஸ்கிரீன்ல வரும். நீங்க கதை சொல்ல வேணாம், அமுக்கிவிட்டா போதும்" என்றார் மேனேஜர்.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "நம்பரு வரும் சார். அழுதுகிட்டு வருதா, சிரிச்சுகிட்டு வருதான்னு யாரு சொல்லுவா?"

அந்த வாரமே என் மகளைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. "சாயந்திரம் வீட்ல இல்லன்னா பாருங்க" என்று என் மனைவி எங்கள் ஜீவனஹள்ளி வீட்டிலிருந்தே போனில் மிரட்டியிருந்தாள். அன்று கடைசி வேலையாக ஒரு அபார்ட்மெண்டில் ரிப்பேரை முடித்து, சரியாக ஓடுகிறதா பார்க்க நானே லிஃப்டில் ஏறினேன். கூடவே அங்கே குடியிருக்கும் பெரியவர் ஒருவரும் ஏறினார். இரண்டு மாடிக்கு நடுவில் அது நின்றது.

என் போன் மொட்டைமாடி மெஷின் ரூமில், பைக்குள். லிஃப்டை இறக்க அந்த ரூமைத்தான் திறக்க வேண்டும்; அதன் சாவியோ என் சட்டைப் பையில்.

"நீங்கதானே ரிப்பேர்காரரு?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க சார்."

"பேஷ்!"

முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு, அவர் போனை வாங்கி, லிஃப்டுக்குள் நாங்களே ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்த ஆபீஸ் நம்பரை அடித்தேன்.

"தம்பி, பொண்ணு பாக்க வர்ற நாளாச்சே! எங்க இருக்கீங்க?" ஹலோவிலேயே கண்டுபிடித்துவிட்டார் அக்கா.

"லிஃப்டுக்குள்ளக்கா. மாட்டிக்கிட்டேன். மெஷின் ரூம் சாவியும் என்கிட்டயே இருக்கு."

உத்தரவுப்படி அக்கா அமுக்கிவிட்டார். சர்வீஸ் இன்சார்ஜின் போன் திரையில் பெரியவரின் நம்பர் தெரிந்தது. லோன் விற்கிறவன் என்று நினைத்துக் கட் செய்தார். அழைப்பு அக்காவிடமே திரும்பியது. மறுபடி அமுக்கினார். மறுபடி கட்.

"இருங்க தம்பி. உத்தரவாவது, ஒண்ணாவது!" என்று அக்கா தானே அவரைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி சேர்த்துவிட்டார். திரையில் 9. முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஹேளி அக்கா!" கன்னடத்தில் அதே "சொல்லுங்கக்கா"தான்.

"சார், நீங்க கட் பண்ணது லோன்காரன இல்ல. நம்ம மெக்கானிக்க. நம்ம லிஃப்டுலயே தொங்கிட்டு இருக்காரு. ஓசூர்க்காரங்க கிளம்பிட்டாங்க. இன்னொரு சாவியோட ஆள அனுப்புங்க. அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு சார், இந்த எடம் தவறக் கூடாது."

இன்சார்ஜே சாவியோடு பைக்கில் பறந்து வந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஓசூர்க்காரர்கள் கேசரியில் பாதியில் இருந்தார்கள். "உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, நீங்க எப்படிப்பட்டவருன்னு முழுசா சொல்லிட்டாங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். அதற்குமேல் நான் பேச ஒன்றும் மிச்சமில்லை. தட்டு மாற்றிக்கொண்டோம்.

மறுநாளே போன்களில் பழையபடி 9 வந்துவிட்டது. கல்யாணத்தன்று அக்கா மண்டப வாசலில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராக என்னிடம் சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினார். "இவரு மாப்ள வீட்டு மாமா. சக்கரை இருக்கு, பாயசம் போட்டுடாதீங்க."

மாரியம்மன் சன்னதியில் கைகூப்பி நிற்கும்போது சில சமயம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இத்தனை கூட்டத்தில், அவளுக்கு நான் யாரோ தெரியாத நம்பராகத்தானே தெரிவேன்? அப்புறம் மனதைத் தேற்றிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை தவறாமல் காலையிலேயே ஒன்பது அக்கா அங்கே வந்துவிட்டுப் போயிருப்பார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலா இருந்திருப்பார்?