அழித்துவிட்ட பெட்டிசம்

ஆரையம்பதி,
வெள்ளிக்கிழமை.

லண்டனில் வதியும் அன்பு மச்சான் சாமித்தம்பி அவர்கட்கு,

உங்கள் தங்கை சின்னத்தங்கமும் மருமகள் விதுர்ஷாவும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போன் இருக்கையில் இந்த மனுசன் ஏன் பேனா பிடித்தான் என்று யோசிப்பீர்கள். இனிமேல் மின்சாரத்தில் ஓடுகிற எதிலும் ஒரு வரி எழுத மாட்டேன், மச்சான். காரணத்தை வாசித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

விதுர்ஷாவுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை ஜெயந்தன், எங்கள் வாவி மீனவர் சங்கத் தலைவர் கந்தப்போடியின் மகன். ஐந்து சம்பந்தம் கைநழுவிப் போன பிறகு, பிள்ளை முகம் மலர்ந்து ஓம் சொன்ன முதல் இடம். நாங்கள் மாப்பிள்ளை கேட்டுப் போவதற்கு ஒரு மாதம் முன்புதான், அந்தச் சங்கத்தின் செயலாளராகிய நான் கந்தப்போடியின் மேல் மேலிடத்துக்கு பெயரில்லாத புகாராக ஒரு மொட்டைப் பெட்டிசம் அடித்திருந்தேன். சங்கத்துத் தோணியில் தன் வீட்டுக்கு ஓடு ஏற்றினார், கூட்டத்தில் ஒருவரையும் பேசவிடுவதில்லை என்று மூன்று பக்கம். அந்தக் காலத்துப் பெட்டிசக்காரர் கையெழுத்தை மறைக்க இடது கையால் எழுதுவார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் எதற்கு? சங்கத்துக் கணினியில் தட்டி, ஊர்பேர் தெரியாத மின்னஞ்சல் ஒன்றில் அனுப்பி, கோப்பை அழித்து, குப்பைக்கூடையையும் காலியாக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மேலிடம் மூன்று மாதம் தூங்கி எழும்பி, அந்தக் கோப்பை அப்படியே கந்தப்போடிக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. நிர்வாகக் கூட்டத்தில் மனுசன் மேசையில் அடித்தார். "இத எழுதினவன் ஆரெண்டு தெரியட்டும், அவன்ட வீட்டுப் படி மிதிக்க மாட்டன்! காத்தான்குடி நஸீரக் கூப்பிடுவம். கொம்பியூட்டர்ல துப்பறியப் படிச்ச புள்ள." கலியாணம் நடக்கப்போவது என் வீட்டில், மச்சான்! எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. பயத்தில் "நான் ஆமோதிக்கிறன்" என்று முதலில் கத்தியவன் நான்தான்.

நஸீர் வந்தார். கோப்பின் விபரத்தில் சங்கத்தின் பெயர் பதிவாகியிருப்பதைக் காட்டி, எழுதியது இங்கேதான் என்றார். பிறகு கணினியை இயக்காமலே திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அச்சொட்டாக ஒரு நகல் எடுத்தார். "அசலத் தொட்டா சாட்சி கெட்டுரும் அண்ணன்" என்று நகலில்தான் தோண்டல். நான் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அழிச்சதெல்லாம் போயிரும்தானே தம்பி?"

"எங்க போற? அழிக்கக்குள்ள பட்டியல்ல பேரத்தான் வெட்டுது. அதுக்கு மேல வேற ஒண்டு விழுற வரைக்கும் ஆள் உள்ளுக்குத்தான் இரிப்பாரு."

"மறுகா, நேரம் காலமும் தெரியுமா தம்பி?"

"எப்ப எழுதின, எப்ப அழிச்ச, எல்லாம் வரும்."

மூன்றாம் நாள் தலைவரையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நீங்க தேடச் சொன்னது ஒண்டு. கிடைச்சது ரெண்டு" என்று இரண்டு பெட்டிசங்களை மேசையில் வைத்தார். ஒன்று என்னுடையது, செயலாளரின் கணக்கில் நுழைந்து மூன்று மணி நேரம் தட்டியது. மற்றது தலைவரின் கணக்கில் தட்டியது: செயலாளர் இளையதம்பி கூட்டத்தில் குறட்டை விடுகிறார், மறுநாள் கூட்டக் குறிப்பைக் கற்பனையில் எழுதுகிறார். பச்சைப் பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். அழித்த திகதி கண்ணில் பட்டது. நாங்கள் மாப்பிள்ளை கேட்டுப் போன அதே நாள். அனுப்பிய தடயம் இல்லை என்று நஸீர் கீழே எழுதியிருந்தார். மனுசன் அனுப்பாமலே அழித்திருக்கிறார், மச்சான். நான் அனுப்பினேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கந்தப்போடி இரண்டு பெட்டிசத்தையும் ஓரமாகத் தள்ளி வைத்தார். "விசாரணைய இத்தோட விடுவம். வாங்க சம்பந்தி, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். ஆக, விசயம் மூன்று பேரோடு அமுங்கிவிட்டது. கலியாணத்துக்குக் குறையில்லை. தாய்மாமன் நீங்கள் கட்டாயம் வந்து நிற்க வேண்டும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசர் உங்களைக் குடும்பத்தோடு காக்கட்டும்.

இப்படிக்கு,
மைத்துனர் இளையதம்பி.

பி.கு.: தபால் கந்தோருக்கு வெளிக்கிடும்போது செய்தி வந்தது. நஸீரை அழைத்த கடிதம் சங்கத்தின் பெயரில் போனதாம். அதனால் அவர் அறிக்கையை, இரண்டு பெட்டிசமும் இணைத்து, நிர்வாகிகள் பதினொரு பேருக்கும் அனுப்பிவிட்டார். ஊரே வாசிக்கிறது. உள்ளே விதுர்ஷா இரண்டையும் ஜெயந்தனுக்குப் போனில் வாசித்துக்காட்டி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். சிரித்து முடித்து வந்து சொன்னாள்: "கலியாணம் நடக்கும் அப்பா. ஆனா நீங்களும் தலைவர் மாமாவும் சங்கத்த விட்டு விலகோணும். ரெண்டு பேரும் பேர் போட்டு எழுதித் தாங்க." கந்தப்போடி ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டாராம். பதினாறு வருடம் உட்கார்ந்திருந்த செயலாளர் கதிரை, மச்சான். பிள்ளை பக்கத்திலேயே நின்றாள். நானும் வைத்துவிட்டேன்.