கிளிசரினில் மணந்த கையுறை

ஒருமுறை நான் என் வேப் என்ற மின்சிகரெட்டில் விட்ட புகை இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவையே மூடியது. இறால் பிடிக்க மணலில் இறங்கிய இரண்டு டிராக்டர்கள் வழி தப்பி அயர்லாந்தில் கரையேறின. அப்பேர்ப்பட்ட எனக்கு வீட்டு முன்னறையில் இடமில்லை. திரைச்சீலையில் வாடை ஏறிவிடுமாம், என் மனைவி மேவிஸ் சொல்கிறாள். என் இடம் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகை. மழை ஒழுகும்.

முன்னறை ஜன்னலோர நாற்காலியை மீட்பது என்று சபதம் எடுத்தேன்.

"மேவிஸ், எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

"எழுபத்திமூணு வயசுல உன்னை எந்த மடையன் எடுத்தான்?"

"வேப் கடைக்காரன் கிளெக். குழல்ல ஊத்துற புதுச் சாறு வந்தா ருசி பார்த்து அட்டையில எழுதணும். கடை ஜன்னல்ல மாட்டுவான். இது புகைக்கிறது இல்ல, உத்தியோகம். உத்தியோகத்துக்கு நாற்காலி வேணும்."

"உக்காந்துக்கோ. ஆனா உன் நாக்கு ஒரு தடவை பொய் சொன்னாலும் மறுபடி கொட்டகைதான்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ருசி பார்ப்பது ஒரு தவம். ஒவ்வொரு சாற்றுக்கும் குழலில் புதுப் பஞ்சு வேண்டும். நடுநடுவே காப்பிக்கொட்டையை மோந்து மூக்கைத் தெளியவைக்க வேண்டும். இழுக்கும்போது ஒரு ருசி, விடும்போது வேறு. எல்லாவற்றுக்கும் முதலில், சாற்றை இரண்டு வாரம் இருட்டில் ஊறப்போட வேண்டும். ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டும் கஸ்டர்டும் கலந்த ருசிச் சாற்றுப் புட்டியை மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியில் வைத்தேன். சாவி மேவிஸிடம்.

பதினைந்தாம் நாள். ஜன்னலுக்கு வெளியே கடல் பின்வாங்கி, ஈர மணல் வானத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. இழுத்தேன். புகை மெல்ல எழுந்து மேகமாயிற்று. மேகத்தின் மேல் நான்.

அன்று மாலை தேநீருக்கு வந்த கிளெக்கிடம் அட்டையை வாசித்தேன்: "உள்ளே போகையில் ரூபார்ப் புளிப்பு, மழை நனைத்த தோட்டம். வெளியே வருகையில் இளஞ்சூட்டுக் கஸ்டர்ட். கடைசியாக, நடனக்கூடத்தில் யாரோ மறந்துபோன கையுறையின் மணம்."

கிளெக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழகா இருக்கு வில்ஃப்" என்றாள் மேவிஸ். தேநீர்த் தட்டில் இன்னொரு புட்டியை வைத்தாள். "கிளெக், உன் ரூபார்ப் சாறு இந்தா. ஒரு சொட்டு குறையல, அலமாரியிலயே மாத்தி வெச்சிட்டேன். கிழவன் இழுத்தது, கேக் மேல பூசுற சர்க்கரை இறுகாம இருக்க நான் வாங்கி வெச்ச கிளிசரின்."

"வெறும் கிளிசரினா? அதுக்கு மணமே கிடையாதே!" என்றான் கிளெக்.

"கையுறை மணம் மட்டும் அடிச்சிருக்கு பாரு."

இதைக் கொட்டகையிலிருந்து எழுதுகிறேன். ஒழுகுகிறது. என் நாற்காலியில் மேவிஸ். ஒரு இழுப்பு இழுக்காமல், புட்டியை மோந்து மட்டுமே பார்த்து, கிளெக்குக்கு அட்டை எழுதுகிறாள். கடையில் கூட்டம் தாங்கவில்லையாம்.

"கண்ணு, அந்தக் கையுறை உன்னோடதுதான்!" என்று இங்கிருந்தே கத்திப் பார்த்தேன்.

"நான் என்னைக்குடா கையுறை போட்டேன்?" என்றது ஜன்னல்.