கீரி கலந்த கதை

ஒரு காட்டில், ஆற்றோரமாக ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. சிங்கராஜா அதைத் திறந்துவைத்த நாளுக்குப் பிறகு, மூக்கைப் பிடிக்காமல் உள்ளே போனவர் கிடையாது. அதைக் கழுவும் வேலை பவுனம்மாள் என்ற கீரிக்கு. அவள் குட்டிகளைக் கூப்பிட்டால் அக்கரை வரைக்கும் கேட்கும். அப்படி ஒரு கணீர்க் குரல்.

திடீரென்று, ராஜா மறுநாள் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. பிளீச்சிங் பவுடர் முயலின் சுகாதாரப் பிரிவில் இருந்தது. ஆசிட் கரடியின் பராமரிப்புப் பிரிவில் இருந்தது. இரண்டு பிரிவுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு சுழல் நாற்காலி எந்தப் பிரிவுக்கு என்ற சண்டை. ஆகவே மேலதிகாரி நரியார் ஓர் உத்தரவு போட்டார்: 'இரு பிரிவும் கலந்து கழிப்பறையைச் சுத்தம் செய்க.'

முயல் பவுடரை அனுப்பியது, கரடி ஆசிட்டை அனுப்பியது. நேரில் வந்தால் பேசவேண்டியிருக்குமே!

பவுனம்மாள் நரியாரிடம் ஓடினாள்.

"ஐயா, இது ரெண்டையும் கலந்தா விஷப்புகை கெளம்பும். மூச்சடைச்சிரும். டப்பாவுலயே போட்டிருக்குய்யா."

"டப்பா பெரிசா, உத்தரவு பெரிசா?"

"வெறும் பவுடரைப் போட்டுக் கழுவிர்றேனே?"

"கரடி எங்கிட்ட சண்டைக்கு வரும். கலந்துன்னு போட்டிருக்கு, கலந்துரு. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். வீட்டில் நாலு குட்டி.

மறுநாள் காலையில் கலந்தாள். வாளி பொங்கியது. மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழுந்தது. கண் எரிய, தொண்டை அடைக்க, கதவை முட்டிக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள், பாவம். சரியாக அப்போதுதான் ராஜா வந்து சேர்ந்தார்.

"என்னய்யா புகை?"

"கொசு மருந்து, ராஜா" என்றார் கூடவே வந்த நரியார்.

"பேஷ்!" என்றவர் இரண்டு தும்மல் போட்டார். ராஜா தும்மினால் சும்மா விடுவார்களா? விசாரணை வைத்தார்கள்.

பவுனம்மாள் பிழைத்துக்கொண்டாள். குரல்தான் போய்விட்டது.

விசாரணையில் முயலும் கரடியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் டப்பா தங்கள் அறையில் இருந்தவரை சாதுவாகத்தான் இருந்தது என்று ஒரே மாதிரி சொன்னார்கள். நரியார் உத்தரவை நீட்டினார்.

"'கலந்து'ன்னா கலந்து பேசின்னு அர்த்தம். இந்தத் தமிழ்கூடத் தெரியாதா?"

'நீங்கதானே கலக்கச் சொன்னீங்க' என்று சொல்லத்தான் பவுனம்மாள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

'கீரி மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை' என்று எழுதி, வேலையை விட்டு நீக்கினார்கள்.

நீதி: பவுடரில் ஆசிட்டைக் கலக்காதீர்கள், உத்தரவில் விட்டுப்போன சொல்லை மட்டும் மறக்காமல் கலந்து படியுங்கள்.