கண்ணாடி போட்ட மொட்டைக் கடிதம்

மொட்டைக் கடிதம் எழுதுவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். பதினான்கு பேர் வேலை செய்கிற ஆபீசில் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றால், தமிழில் மொட்டைக் கடிதம் எழுதக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் இருபத்திரண்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமல்ல, யாரும் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று முழுப் பக்கத்தையும் இடது கையால் எழுதினேன். (ஒன்றரை மணி நேரம். விரலெல்லாம் வீங்கிப் போச்சு.)

மாத்தளை டவுனில், ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கம்பனி. வெளிநாட்டில் யார் யாரோ கையால் நிரப்பிய படிவங்களைப் பார்த்துக் கம்பியூட்டரில் அடிப்பதுதான் வேலை. ஏசி போட்டிருந்தார்கள். அது கம்பியூட்டர்களுக்காக, எங்கள் மேலும் கொஞ்சம் பட்டது. இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பாதையில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இப்படி ஒரு வேலைக்குப் போன முதல் ஆள் நான். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா எல்லோரிடமும், "மக கம்பியூட்டர்ல இருக்கா" என்று சொல்வார், நான் அதற்குள்ளே குடியிருப்பது மாதிரி.

எங்கள் முதலாளியை எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும். நல்ல மனிதராகத்தான் இருந்தார், கொழும்புக்குப் போய் மூன்று நாள் மனேஜ்மண்ட் பயிற்சி எடுக்கும் வரைக்கும். திரும்பி வந்தவர், நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று அறிவித்தார். அதன் பிறகு கழிவறைக்குப் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டியிருந்தது. மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் குடும்பக் கூட்டம். கதவைச் சாத்திவிட்டு, வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள் வரைவார். அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடைசியில் எல்லோரும் கை தட்டுவோம். இடையில் எழும்பினால், குடும்பத்தில் யாராவது இப்படி நடுவில் எழும்பிப் போவார்களா என்று சிங்களத்தில் கேட்பார். ஆறு மணி வரைக்கும் இழுத்துவிடும். அதன் பிறகு நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். எங்கள் தோட்டத்துப் பக்கம் போகிற கடைசி பஸ் ஆறேகாலுக்கு.

சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்துவார்கள், இறக்குவார்கள், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அதிகம் பேசாத மனிதர். இரண்டு தரம் நான் பஸ்ஸை விட்டபோது பாதி வழி வரைக்கும் நடந்து வந்து நின்றார். இரண்டாவது தரம் சொன்னார்:

"ஸ்டெல்லா, இன்னொரு தரம் அந்த பஸ்ஸ விட்டேன்னா, மறுநாள்ல இருந்து வீட்டோட இரு."

அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ அந்த வேலை உயிர். அது போனால், பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதைத் தவிர வீட்டில் எனக்கு வேறு வேலை இல்லை.

இந்த நேரத்தில்தான் எம்.டி. ஒரு பெட்டியைப் பூட்டுப் போட்டு வைத்தார். நிர்வாகத்தைப் பற்றி மனதில் இருப்பதை எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம் என்றார். மற்றவர்களுக்கு விவரம் இருந்தது. எனக்கு ரோஷம்தான் இருந்தது. ரோஷம் எனக்குத் தமிழில்தான் வரும். எழுதினேன்:

"மதிப்புக்குரிய ஐயா, குடும்பம் குடும்பம் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் குடும்பம் என்றால், இருட்டுகிறதே, பிள்ளை இன்னும் வரவில்லையே என்று வாசலில் நிற்பார்கள். நீங்கள் வாசலைச் சாத்திவிட்டு அம்புக்குறி வரைகிறீர்கள். உங்கள் கூட்டத்தால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. 5.30க்கு விடுங்கள். 6.15 பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இங்கே இருக்கிறார்கள்."

இன்னும் நிறைய இருந்தது. 5.30க்கும் 6.15க்கும் அடிக்கோடு போட்டுப் பெட்டிக்குள் போட்டேன். (அந்த ஆபீசில் ஆறேகால் பஸ்ஸில் போகிறவளும் நான் ஒருத்திதான். இதுவும் அப்போது தோன்றவில்லை.) மத்தியானம் பரீனாவிடம் பெருமையாகச் சொன்னேன். பரீனா பக்கத்து மேசைக்காரி. மாத்தளை டவுன்தான் ஊர், வீட்டில் பேசுவது தமிழ், படித்தது சிங்களத்தில். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

"தமிழ்லயா எழுதின?" என்றாள். "ஒனக்கு மூள ஈக்காடி?"

அப்போதுதான் உறைத்தது. பெட்டியைப் பார்த்தேன். பூட்டு சின்னதுதான், ஆனால் நல்ல பூட்டு.

அன்று மாலையே கூட்டத்தில் எம்.டி. பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். எம்.டி. நீடூழி வாழ வேண்டும் என்று ஐந்து கடிதம். தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடலாம் என்று ஒன்று. அதுவே பெரிய புரட்சி. பிறகு என்னுடையது வந்தது. அவருக்குத் தமிழ் பேசினால் பாதி விளங்கும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. தலைகீழாகப் பிடித்தார், நேராகப் பிடித்தார், கடைசியில் சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் சிங்களத்தில் வாசித்துச் சொல் நங்கி (தங்கச்சி) என்றார். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். பரீனா மட்டும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

உண்மையை வாசித்திருக்கலாம். அதற்காகத்தானே எழுதியது? ஆனால் வாய் திறந்தபோது வந்தது வேறு. எம்.டி. எங்களுக்குத் தகப்பன் மாதிரி என்று எழுதியிருக்கிறது, கூட்டங்கள் மிகவும் பிரயோசனமானவை என்று எழுதியிருக்கிறது என்றேன். என் சிங்களம் அவ்வளவு சரளமாக அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. முடித்துவிட்டுத் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறதே, மிச்சம் என்ன என்றார். அம்புக்குறிகளைப் பாராட்டினேன். அவருடைய சேர்ட்டைக் கூடப் பாராட்டினேன் என்று பரீனா இன்றைக்கும் சாதிக்கிறாள். அவர் அடிக்கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியுமே.

இந்த 5.30ம் 6.15ம் எதற்கு என்று கேட்டார்.

என் பாழாய்ப்போன வாய் சொன்னது: "கூட்டம் அரை மணித்தியாலம் போதாதாம் சேர். அஞ்சரையில இருந்து ஆறேகால் வரைக்கும் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கு."

மனிதர் நெகிழ்ந்துபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளையில் இருந்து ஆறேகால் வரைக்கும் கூட்டம் என்றார். நாங்கள் கை தட்டினோம். நான்தான் ஆகப் பலமாகத் தட்டினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அதற்குக் கையும் தட்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் காலையில் போனால், கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பு மேசைக்கு மேலே தொங்குகிறது. வந்தவர் போனவர் எல்லோருக்கும் எம்.டி. அதைக் காட்டினார். ஒரு வங்கி மனேஜரை அதற்குக் கீழே நிறுத்திப் படமும் எடுத்தார்.

அன்று மாலை நான் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் இல்லை. இரத்தோட்டை வரைக்கும் வேறு பஸ்ஸில் வந்தேன். அப்பா அங்கே நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நாளைக்கு வந்து உன் சேரிடம் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். வழி முழுக்க அழுதேன்.

மறுநாள் பின்னேரம், கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா மாடியேறி வந்தார். எம்.டி. ஓடி வந்து கையைக் குலுக்கி, அவர் வாயைத் திறக்கும் முன்னே சுவருக்குக் கொண்டுபோனார். உங்கள் தமிழில் என்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள் என்றார் பெருமையாக. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கடிதத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். அடிக்கோடு போட்ட இடத்தில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இரும்புக் கடையே இடிந்து விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா முப்பது வருடம் துரைமார் முன்னால் "சரிங்க" என்றே பழகினவர். அன்றைக்கும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

"சேர், இது பாராட்டு இல்லீங்க," என்றார். "புள்ளைங்கள அஞ்சரைக்கு விடச் சொல்லி எழுதியிருக்கு. எழுதினது எம்மக."

பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார், விளங்காமல் போய்விடக் கூடாதே என்று.

எம்.டி. கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் செம்பரத்தம் பூவாகிவிட்டது. என்னை வெளியே போ என்று சொல்வதற்காக வாயைத் திறந்து, மறுபடி மூடினார். எப்படிச் சொல்வார்? என்னை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால், ஊரைக் கூட்டிவந்து தன்னைத் திட்டிய கடிதத்தைத் தானே காட்டிய கதை மாத்தளை முழுக்கப் பரவும். சட்டத்தைத் தன் கையாலேயே கழற்றினார். அன்றைக்குக் கூட்டம் இல்லை என்றார். மறுநாளும் இல்லை. அதன் பிறகு இல்லவே இல்லை. கழிவறைக் கொப்பி மட்டும் தொடர்ந்தது. (அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.) நான் இன்னும் நான்கு வருடம் அங்கே வேலை செய்தேன்.

அன்று ஆறேகால் பஸ்ஸில் அப்பாவும் நானும் சேர்ந்து போனோம். இரத்தோட்டை தாண்டியதும் அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுதினது நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "வாசிக்கிறப்பதான் பயந்துட்ட."

அன்றில் இருந்து எங்கள் வீட்டில், பயந்துகொண்டு சொல்கிற பொய்க்குப் பெயர் ஆறேகால். என் மகன் பரீட்சைப் புள்ளியைக் கூட்டிச் சொன்னாலும், என் கணவர் கறி நன்றாக இருக்கிறது என்றாலும், "ஆறேகால்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். போன மாதம் அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் கையில் எடுத்ததுமே, "எனக்கு ஆறேகால் வேணாம், இருக்கிறத வாசி" என்றார். சரி என்று இருப்பதை இருக்கிறபடியே வாசித்தேன். சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, இனி எதையெல்லாம் தொடவே கூடாது, ஒன்றையும் விடவில்லை.

அப்பா கையில் இருந்த கேக்குத் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"இதுக்கு நீ ஆறேகாலே வாசிச்சிருக்கலாம்," என்றார்.