திகில் மேடமும் வார்ப்பிரும்புத் தூணும்

பெங்களூரில் தலைக்கு மேலே இருக்கும் எதையும் நம்பாத ஒரே ஜீவன் எங்கள் திகில் மேடம்தான். கட்டட இன்ஜினியர், அந்தப் பெயர் சைட் ஆட்கள் வைத்தது. ஹோட்டலில் மெனுவுக்கு முன் கூரையைப் பார்ப்பார். மர்பி டவுனில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், "பந்தல் கால் ஆடுது, சொல்ப, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று மாப்பிள்ளையையே நகர்த்தி உட்கார வைத்தவர்.

சிவாஜிநகரில் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் மேடம் இன்ஜினியர், நான் சூப்பர்வைசர். கீழே ஹோட்டல் வரப்போகிறது, மேலே தையல் பட்டறை. நடுச்சுவரை எடுத்துவிட்டு, மாடியைத் தாங்கப் புது எஃகு பீம் போட வேண்டும். பீமின் ஒரு முனை வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்புத் தூணில் சேர வேண்டும்.

"நாலு இடத்துல வெல்டு வெச்சா யானை ஏறினாலும் அசையாது மேடம்," என்று வெல்டர் முகமூடியை இறக்கினார்.

மேடம் பாய்ந்துபோய்த் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இது வார்ப்பிரும்புப்பா! சூடு பட்டா விரிசல் விடும். எஃகுன்னா வளைஞ்சு காட்டும், இது சொல்லாம கொள்ளாம உடையும். மேல அத்தனை பேர் உக்காந்து தைக்கிறாங்க!"

"தள்ளுங்க மேடம், துப்பட்டா பத்திக்கும்."

"பத்தட்டும்!"

வெல்டர் தன் மெஷினை வண்டியில் ஏற்றிய பிறகுதான் மேடம் தூணை விட்டார்.

கடைசியில் அவர் சொன்னபடியே செய்தோம். தூணின் கழுத்தில் சுற்றிலும் துருத்திய பழைய விளிம்பின் மேல் உட்காரும்படி, இரண்டு பாதியாக எஃகுப் பட்டை செய்து, போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் பீமை வைத்தோம்.

நடுச்சுவரை எடுத்ததிலிருந்து மாடியைத் தாங்கிய ஜாக்கிகளை இறக்கும் நாள் வந்தது. தையல்காரர்களைத் தெருவுக்கு அனுப்பிவிட்டார் மேடம். வேடிக்கை பார்க்க வெல்டரும் வந்திருந்தார். ஜாக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். திடீரென்று ‘டங்’ என்று ஒரு சத்தம். எப்படி வந்தோம் என்று தெரியாது, எல்லாரும் ரோட்டில் நின்றோம். மேடத்தை மட்டும் காணோம்.

"மேடம்!"

இன்னொரு தரம் கத்தினேன். முதலில் வெல்டர்தான் உள்ளே ஓடினார், பின்னாலேயே நான்.

தூணடியில் டார்ச்சோடு நின்றிருந்தார் மேடம்.

"பட்டை விளிம்புல உக்காந்த சத்தம்தான். தூண்ல கீறல்கூட இல்ல."

"நீங்க ஏன் மேடம் ஓடி வரல?"

"ஓடத்தான் பார்த்தேன், கால் வரல. சும்மா நிக்கிறதுக்கு இதையாவது பார்ப்போம்னு பார்த்தேன்."

வெளியே அழைத்துவந்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் கையில் டீ தளும்பியது. குடித்து முடிக்கும்வரை கிளாஸின் அடியில் என் கையையும் வைத்துக்கொண்டேன்.